உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

என்னோடு ஒரே அடுப்படியில் எட்டு வருஷம் மல்லுக்கு நின்ற என் செல்வக்கனி மதினிக்கு,

தங்கம் எழுதுகிறேன். பயப்படாதே, சண்டைக்கு வரவில்லை. நீ போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத விஷயம் இல்லாமல் இல்லை, முகம்தான் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. உன் மகள் பவித்ரா இன்று காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஏறினாள். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல், முதல் தடவையாகத் தனியாக, கப்பலில் இருந்து கன்டெய்னர் இறக்கினாள்.

காலை ஆறு மணி, மதினி. அந்த நேரம் உன் கை எப்படி இருக்கும் என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்?

பவிக்கு ஒரு வயசு முடியும் முன்பே உன் கை தகராறு பண்ண ஆரம்பித்தது. எழுந்தவுடன் விரல் மடங்காது. தோசைக் கரண்டி பிடிக்க வராது, துணி பிழிய வராது. டம்ளர் நழுவி விழுந்து காப்பி தரையெல்லாம் ஓடும். எல்லாரும் பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும் என்றார்கள். எட்டரைக்குப் பள்ளிக்கூடம் ஓட வேண்டிய நான், கல்யாணமும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு நிம்மதியாக இருந்த நான், உனக்கும் சேர்த்து அடுப்பில் வெந்தேன்.

அதுவாவது போகட்டும் என்றால், சனிக்கிழமை வீட்டில் இருந்து பார்க்கிறேன், பதினோரு மணிக்கு மேல் அதே கை ஜம்மென்று பூக்கட்டுகிறது. அண்ணன் சட்டைக்குப் பட்டன் தைக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமா?

"காலையில வராத கை இப்ப மட்டும் எங்கன இருந்து வருது மதினி? அடுப்படியைக் கண்டாத்தான் அதுக்கு வெக்கமா?" என்று கேட்டேன்.

நீ பூவில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கே தெரியலளா தங்கம். தெரிஞ்சா உங்கிட்ட சொல்ல மாட்டனா?" என்றாய்.

அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நடிக்கிறவள் நாள் முழுக்க அல்லவா நடிப்பாள், அரைநாளில் ஏன் நிறுத்துகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். கேள்வி கேட்கப் பழகுங்கள் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவள். வீட்டுக்குள் மட்டும் பதிலோடுதான் நுழைவேன்.

பிறகு உன் மணிக்கட்டு வீங்கியது, முட்டி வீங்கியது. எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், ஊசி போட்டோம், வலி மாத்திரை வாங்கித் தந்தோம். முக்குக் கடை அண்ணாச்சி ஒரு நாள் உப்பு மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உங்க வீடு உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவுல கெடக்கு டீச்சர். கிரில் கம்பியவே ரெண்டு வருஷத்துல தின்னு தீத்துருது இந்தக் காத்து. மனுஷி எலும்ப விட்டு வைக்குமா? கொஞ்ச நாள் உள்நாட்டுப் பக்கம் அனுப்புங்க."

வேறு ஊராக இருந்தால் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. நமக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. சைக்கிள் செயின் துருப்பிடிப்பதைப் பார்க்கிறோம், பூட்டு இறுகிப்போவதைப் பார்க்கிறோம், கம்பி உரிந்து விழுவதைப் பார்க்கிறோம். உன் விரலும் அப்படித்தானே இறுகுகிறது? மற்றவர்கள் நம்பினார்கள் என்றால், நான் பாடமே நடத்தினேன். ஈரப்பதம், உப்பு, அரிப்பு என்று அண்ணனை உட்கார வைத்து விளக்கினேன். அண்ணன் தலையாட்டினான். ஆறு வயசுப் பவியைப் பள்ளிக்கூடத்துக்காக இங்கே நிறுத்திக்கொண்டு, உன்னை ஓட்டப்பிடாரத்தில் உன் அம்மை வீட்டுக்கு அனுப்பினோம்.

அங்கே போய் மூன்று மாசத்தில் உன் வீக்கம் வற்றியது. நான் விட்ட பீற்றல் இருக்கிறதே, ஊரே கேட்டது. பவியின் ஏழாவது பிறந்தநாளுக்கு நீ ஆசையாக வந்தாய். கேசரி கிண்டினாய். மறுநாள் காலையில் உன் கை இட்லி மாதிரி உப்பிக்கிடந்தது. "பாத்தியா, ஒரு நாள் காத்துக்கே இந்தப் பாடு" என்று நான்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் பவி உன் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு உன்னைப் பஸ் ஏற்றினேன். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் வந்தோம். நீ பவிக்குத் தலை பின்னிவிட ஆசைப்படுவாய், பாதிப் பின்னலில் கை நின்றுவிடும். மூன்றாவது வருஷம் இருமல் வந்தது. அதன் பிறகு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குத் தனி மருந்து, கைக்குத் தனி மருந்து என்று ஓடினோமே தவிர, இரண்டும் ஒன்றாக இருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை. பவிக்குப் பத்து வயசு நடக்கும்போது நீ அங்கேயே போய்விட்டாய். போகுமுன் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "நான் என்னளா தப்பு பண்ணினேன்? எனக்கு மட்டும் ஏன் நம்ம ஊர்க் காத்து ஆகல?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது மதினி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்துமூன்று வயசு. உன் நெற்றி, என் வாய். டிப்ளமா முடித்தவள், "கிரேன் ஓட்டப் போறேன்" என்று வந்து நின்றாள். அண்ணன் பதறினான். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே கப்பலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் லீவரைப் பிடித்து நகர்த்த வேண்டும். கை ஒரு விரற்கடை பிசகினாலும் கன்டெய்னர் ஆடும். எனக்கும் பயம்தான். ஆனாலும் போகட்டும் என்றேன்.

பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது மாசம், போன வருஷம், ஒரு நாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அத்த, தலை பின்னி விடேன்" என்றாள்.

பன்னிரண்டு வயசுக்குப் பிறகு அவள் என்னிடம் தலை கொடுத்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். சீப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கையை மடக்கு" என்றேன்.

"ஒண்ணுமில்லத்த, தூக்கத்துல மரத்துருக்கும்."

"மடக்குளா."

பாதி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு வாரம் என்றாள். ஆறு வாரமாக நாலு மணிக்கே எழுந்து, வெந்நீரில் கையை ஊற வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னா உப்புக்காத்துன்னு சொல்லி என்னையும் ஓட்டப்பிடாரத்துக்கு அனுப்பிருவ."

மதினி, அவள் கையில் இருந்து சீப்பை வாங்கினேன். பிறகு உட்கார வைத்துத் தலை பின்னினேன். பின்னி முடித்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். அன்றைக்கே அவளைத் திருநெல்வேலியில் மூட்டு நோய்க்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயசு குறைவு இருக்கும். பவியின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு மணி நேரம், அப்புறம் இளகிவிடும் என்றாள் பவி. இந்த நோய்க்கு அதுதான் அடையாளமாம். காலையில் இறுகும், நேரம் போகப் போக இளகும். நீ நடிக்கிறாய் என்று நான் சொன்ன அதே விஷயம், மதினி. டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முடக்குவாதம் என்றார். ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்க உடம்பில் ஒரு காவல் இருக்கிறது அல்லவா? அந்தக் காவல், மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைப் பார்த்து, இது வெளியாள் என்று தப்பாக நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. வீக்கமும் சூடும் அதனால்தான். விட்டுவைத்தால் எலும்பை அரிக்கும். சில பேருக்கு நுரையீரலையும் தழும்பாக்கும். உன் இருமலைப் பற்றிச் சொன்னேன். "நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது டீச்சர். ஆனா ஒண்ணா இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்றார்.

வெள்ளையணுக்கள் நம் உடம்பின் போர்வீரர்கள் என்று எத்தனை வருஷம் போர்டில் எழுதியிருப்பேன்? அந்த வீரர்களுக்கு ஆள் அடையாளம் தப்பும் என்று ஒரு வரி எனக்குத் தெரியாமல் போனது. அதைவிட, நம் வீட்டில் அந்த வேலையைப் பார்த்தவளே நான்தான். வீட்டு ஆளை வெளியாள் என்று நினைத்து அடித்தேன். கசக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

"உப்புக்காத்தால வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "காத்துதான் காரணம்னா தூத்துக்குடியில பாதிப் பேருக்குக் கை மடங்காம இருக்கணுமே டீச்சர். உப்பளத்துல இறங்கி வேலை பாக்கிறவங்க அத்தனை பேருக்கும் வரணுமே. வந்திருக்கா?"

இவ்வளவு சின்ன கேள்வி. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை.

அப்படியென்றால் நீ ஓட்டப்பிடாரம் போனதும் எப்படி வற்றியது, பிறந்தநாளுக்கு வந்ததும் ஏன் வீங்கியது என்று விடாமல் கேட்டேன். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும் என்றார். நீ போன நேரம் அது இறங்குகிற நேரம். வந்த நேரம் ஏறுகிற நேரம். நாம் இரண்டையும் பார்த்துவிட்டுக் காற்றின் மேல் பழியைப் போட்டோம்.

பிறகு எதனால்தான் வருகிறது என்று கேட்டேன். ஒரே காரணம் என்று விரல் நீட்ட முடியாதாம். பிறக்கும்போதே உடம்பில் ஒரு சாய்வு இருக்கலாம், அது அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம். சாய்வு இருந்தாலே நோய் வந்துவிடாது. ஒரே கருவில் இரட்டையாகப் பிறந்தவர்களில் ஒருத்திக்கு வந்தாலும் பெரும்பாலும் மற்றவளுக்கு வருவதில்லையாம். மேலே ஏதாவது வந்து சீண்ட வேண்டும். சிகரெட் புகை சீண்டும், ஈறு நோய் சீண்டலாம் என்கிறார்கள், பிள்ளை பெற்ற பிறகு உடம்பு மாறுகிற மாற்றத்தில் சிலருக்குத் தலைகாட்டும். பெண்களுக்குத்தான் அதிகம், ஏன் என்று முழுசாகத் தெரியவில்லை. "தெரியாதது இன்னும் நிறைய இருக்கு டீச்சர். ஆனா ஒண்ணு தெரியும். இது யாரும் பண்ணின தப்புக்கு வர்றதில்ல."

கேட்டாயா மதினி? நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. இதை நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உனக்குச் சொன்னேன். இப்போது எழுத்திலும் சொல்கிறேன்.

மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் விழுங்கினால் ஆபத்து என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். பவி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, உன்னைப் பார்க்க வந்த கிழமை அது. இடையில் ஒரு நாள் வைட்டமின் மாத்திரை, அவ்வப்போது கல்லீரலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை. பிள்ளை பெற நினைத்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். திங்கட்கிழமை குமட்டும், அன்றைக்கு மட்டும் என்னிடம் எரிந்து விழுவாள். அந்த வாய் என்னிடம் இருந்து வந்தது என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

ஏழு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. கிரேன் பயிற்சியில் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தார்கள், அதற்கும் ஒரு கெடு இருந்தது. அது தாண்டினால் இடம் போய்விடும். அண்ணன் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியவன், ஈரக்கையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"ஏளா, சொல்லுதேன்னு கோவிக்காத. மருந்து ஒரு பக்கம் ஓடட்டும். பிள்ளையைக் கொஞ்ச நாள் ஓட்டப்பிடாரத்துல வைப்போமா?"

பவி உள்ளே இருந்தாள். கேட்டிருக்கும். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஒருத்தியை அனுப்பினோம். காத்து ஒண்ணும் பண்ணலன்னு அவ போன பிறகுதான் தெரிஞ்சுது. அவளை அனுப்பச் சொன்னது நான். அந்தப் பாவம் எனக்குப் போதும். இந்தப் பிள்ளை இந்த வீட்டை விட்டு வேலைக்குப் போவா, கல்யாணமாகிப் போவா. காத்துக்குப் பயந்து போக மாட்டா."

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியே வெகுநேரம் வைத்திருந்தான். உன்னை நினைத்து அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா அளவைக் கூட்டினார், இன்னொரு மருந்து சேர்த்தார். பத்தாவது வாரம் விறைப்பு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. பிறகு அரை மணி. ஒரு நாள் காலையில் நான் மாவு எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், எதிரில் நின்று என் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள். மெதுவாக மடக்கினாள். நாலு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. கட்டை விரல் மேலே வந்து உட்கார்ந்தது. என்னைக் குத்திவிடுவாள் போல இருந்தது, குத்தியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

நோய் போய்விடவில்லை மதினி, பொய் சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கிறது. மருந்தும் பரிசோதனையும் தொடரும். சீக்கிரமே டாக்டரிடம் வந்ததால் எலும்புக்குச் சேதம் இல்லை என்றார்கள். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மறுபடி பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இன்று காலை அவளே பின்னிக்கொண்டாள். அவளே டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடினாள். "ரெண்டாவது கிரேன், நீலம். வெளிய ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் அண்ணனும் ஸ்கூட்டரில் போய்க் கடற்கரை ரோட்டோரம் நின்றோம். காற்று என் சேலையைப் பிடுங்கியது. உதட்டை நக்கினால் உப்பு. கிரேன் படியில் மஞ்சள் தொப்பி ஒன்று ஏறிக்கொண்டே போனது, கடுகு அளவுக்கு ஆகும்வரை. கொஞ்ச நேரத்தில் கப்பலில் இருந்து ஒரு சிவப்புக் கன்டெய்னர் எழுந்தது. ஆடவில்லை. நேராக வந்து லாரி மேல் உட்கார்ந்தது.

அண்ணன் வாயைத் திறந்து அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தான். "நல்ல காத்துளா" என்றான். நான் ரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். வழியில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அங்கிருந்து நேராக ஓட்டப்பிடாரத்துக்கு வண்டியை விட்டோம். உன் படம் உன் அம்மை வீட்டில், இப்போது உன் தம்பி இருக்கிற அந்த வீட்டில்தானே பதின்மூன்று வருஷமாக மாட்டிக்கிடக்கிறது? காற்று படக்கூடாது என்று அங்கேயே வைத்திருந்தோம், செத்த பிறகும் உன்னை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. உன் தம்பியிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் கழற்றித் துடைத்துக் கொடுத்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பவி வேலை முடிந்து வந்ததும் அவளே சுத்தியலை எடுத்தாள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்தாள். நாலே அடி. அந்தக் கையில் இருந்து சுத்தியல் நழுவவில்லை. இப்போது நீ அங்கேதான் இருக்கிறாய், நான் உனக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது.

இந்தக் காற்றில் அந்த ஆணி ரெண்டு வருஷம் தாங்காது. துருப்பிடித்தால் வேறு ஆணி அடிப்பேன், அதுவும் போனால் இன்னொன்று. உன்னை மட்டும் இந்த வீட்டை விட்டு இனி எங்கேயும் அனுப்ப மாட்டேன், மதினி.

அடுப்படியில் உன்னோடு சண்டை போட இன்னும் ஆசையாக இருக்கும்,
உன் வாயாடி நாத்தனார்,
பவியின் அத்தை தங்கம்